மருத்துவக் கனவும் பத்தாவது பாடமும்

ஜொகூர் மாநிலத்தின் கிழக்குக் கரையில், தென்சீனக் கடலை நோக்கி அமைந்த சிற்றூர் மெர்சிங். தியோமான் தீவுக்குச் செல்வோர் படகேறும் துறை என்ற அளவிலேயே வெளியூரார் பலர் அதனை அறிவர். மேற்கே குளுவாங் நகர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தெற்கே ஜொகூர் பாரு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும். தீவுப் படகுகள் பல நின்றுவிடும். இத்தகைய ஊரில் தமிழ்க் குடும்பங்கள் சிலவே. அச்சிலவற்றுள் ஒரு வீட்டுப் பிள்ளை மூன்றாம் படிவத்தை முடிக்கும் வேளையில், பள்ளியிலிருந்து ஒரு தாள் வீட்டுக்கு வருகிறது. நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களைப் பயில விருப்பம் என்று அத்தாள் கேட்கிறது. பிள்ளையின் விருப்பமோ மருத்துவராவது. தந்தையும் தாயும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றனர். யாரைக் கேட்பது? பெரும்பாலும் அவர்கள் நாடிச் செல்வது தமிழாசிரியரைத்தான்.

பதினைந்து வயதில் இடப்படும் ஒரு குறி, இருபத்தைந்து வயதில் ஒருவர் எங்கு நிற்பார் என்பதைப் பெரிதும் உறுதி செய்துவிடுகிறது. ஆதலின் அத்தாளை எவ்வாறு நிரப்புவது என்பதைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தெளிவுற அறிந்திருத்தல் வேண்டும். அதனோடு பின்னிக் கிடக்கும் இன்னொரு வினாவும் உண்டு. மருத்துவராக விரும்பும் பிள்ளை தமிழைக் கைவிடத்தான் வேண்டுமா என்பதே அது.

கல்லூரிச் சுமை பள்ளிக்கு வந்த கதை

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மேலை மருத்துவக் கல்வி 1905ஆம் ஆண்டில் தொடங்கிற்று. சிங்கப்பூரில் அவ்வாண்டு நிறுவப்பெற்ற மருத்துவப் பள்ளி, பின்னர் ஏழாம் எட்வர்டு மன்னர் பெயரைத் தாங்கி, 1921இல் கல்லூரியாக உயர்ந்து, 1949இல் மலாயாப் பல்கலைக் கழகத்துடன் இணைந்தது. பிரிட்டிஷ் முறையைத் தழுவிய அக்கால மருத்துவக் கல்வியில், மாணவர் உடற்கூற்றைத் தொடுவதற்கு முன்னர் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்னும் மூன்றையும் முதற்கட்டமாகக் கற்றுத் தேற வேண்டியிருந்தது. முன்னாளில் பௌதிகம், இரசாயனம் என வழங்கிய பாடங்களே இவை. பள்ளிகள் பலவற்றில் ஆய்வுக்கூடமே இல்லாத காலம் அது. எனவே பள்ளியில் அறிவியலை அதிகம் பயிலாத மாணவர்க்கும் கல்லூரியே அடிப்படையைக் கற்பித்தது.

பின்னர் நிலைமை மாறிற்று. ஆறாம் படிவம் வளர வளர, அம்முதற்கட்டம் கல்லூரியை விட்டுப் பள்ளிக்கு இறங்கி வந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக் கழகத்தின் மருத்துவத் துறை 1960களின் தொடக்கத்தில் அமைந்தபோது, அதன் முதல் தலைவராக இருந்து அதனைக் கட்டியெழுப்பியவர் டி. ஜே. தனராஜ் என்னும் தமிழர். அக்காலம் தொட்டு, அறிவியலடிப்படையைப் பள்ளியிலேயே பெற்று வருபவர்க்கே மருத்துவக் கல்லூரியின் கதவு திறக்கும் என்னும் நிலை உறுதிப்பட்டது. இன்று பாடத் தேர்வு இவ்வளவு முதன்மை பெற்றிருப்பதன் காரணம் இதுவே. அன்று கல்லூரி செய்த பணியை இன்று நான்காம் படிவமும் ஐந்தாம் படிவமும் செய்கின்றன.

தாளில் எதைக் குறிப்பது?

மலேசியப் பள்ளிகளில் முன்பு அறிவியல் துறை, கலைத்துறை என்னும் இரு பெரும் பிரிவுகள் இருந்தன. ‘அறிவியல் துறையில் சேர்ந்துவிட்டான்’ என்று சொன்னால் போதும். தேவையான பாடங்கள் யாவும் தாமாக வந்து சேரும். 2020 முதல் அப்பெயர்ப் பிரிவு நீங்கி, பாடத் தொகுப்பு முறை நடைமுறைக்கு வந்தது. மாணவர் தம் விருப்பப்படி தேர்வுப் பாடங்களின் தொகுப்பைத் தெரிவு செய்யலாம். இது நல்ல மாற்றமே. ஆனால் தாமாக வந்து சேர்ந்த பாடங்கள் இனித் தாமாக வாரா என்பதையும் மறத்தலாகாது. ஒரு தொகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கூடுதல் கணிதமும் இருந்து, உயிரியலின் இடத்தில் கணினியறிவியலோ கணக்கியலோ அமைந்திருக்கலாம். ‘இதுவும் அறிவியல்தானே’ என்று எண்ணி அதனைக் குறித்துவிட்டால், மருத்துவக் கல்விக்குச் செல்லும் நேர்வழி அன்றே அடைபட்டுப் போகும்.

மலேசிய மருத்துவ மன்றம் மருத்துவப் படிப்புக்கெனக் குறைந்த அளவுத் தகுதியை வகுத்துள்ளது. எஸ்.பி.எம். தேர்வைப் பொறுத்தவரை அது கேட்பன: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு வேறொரு பாடம் ஆகிய ஐந்திலும் ‘பி’ நிலைத் தேர்ச்சி. ஈண்டு ஒரு குழப்பத்தை நீக்குதல் நன்று. எஸ்.பி.எம். தேர்வில் ‘கிரெடிட்’ எனப்படும் சிறப்புத் தேர்ச்சி ‘சி’ நிலையிலிருந்தே தொடங்குகிறது. ‘பி’ அதற்கு இரண்டு படி மேலே உள்ளது. இடையில் ‘சி பிளஸ்’ உண்டு. ‘எல்லாப் பாடத்திலும் கிரெடிட் வாங்கிவிட்டான், இனி மருத்துவம் படிக்கலாம்’ என்று மகிழ்ந்த பெற்றோர் பின்னர் ஏமாறுவது இதனை அறியாமையால்தான்.

குறைந்த அளவுத் தகுதி என்பது வாயிலுக்கு வரும் உரிமையே தவிர, உள்ளே இருக்கை தரும் உறுதியன்று. அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. எனவே உண்மையில் வேண்டப்படுவது ‘ஏ’ நிலைகளே.

ஒவ்வொரு பாடமும் ஏன்?

‘மருத்துவருக்கு உயிரியல் வேண்டும் என்பது விளங்குகிறது, இயற்பியலும் கணிதமும் எதற்கு?’ என்று மாணவர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். விடை தெரியாமல் பயிலும் பாடம் சுமையாகும். விடை தெரிந்தால் கருவியாகும்.

இயற்பியலை முதலில் நோக்குக. குழாய் வழியே நீர் ஓடும் விதியே நாளத்தின் வழியே குருதி ஓடுவதற்கும் பெரிதும் பொருந்தும். அழுத்தம் மாறாதிருக்க, குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகக் குறையும் என்றே எவரும் எண்ணுவர். உண்மையில் அது பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஓட்டம் அமைவதே காரணம். நாளத்தில் சிறிதளவு கொழுப்புப் படிந்தாலும் இதயம் ஏன் திண்டாடுகிறது என்பது இவ்வொரு விதியால் விளங்கிவிடும். கண்ணாடி அணியும் பிள்ளையின் விழிக்குறை வில்லையின் பாடம். 1895இல் ரான்ட்ஜென் கண்டறிந்த ஊடுகதிர் அலைகளின் பாடம். இதயத் துடிப்பை வரைந்து காட்டும் கருவி மின்னின் பாடம்.

வேதியியலோ உடலுக்குள் நடக்கும் ஓயாத சமையலைப் பற்றியது. மனிதக் குருதியின் அமில காரச் சமநிலை, ‘பிஹெச்’ அளவில் 7.35க்கும் 7.45க்கும் இடையே நிற்க வேண்டும். இச்சிறு இடைவெளியைத் தாண்டினால் உயிருக்கே ஊறு. மருந்து என்பதும் ஒரு வேதிப்பொருளே. அது வயிற்றில் கரைவதும், கல்லீரலில் உருமாறுவதும், சிறுநீரகத்தால் வெளியேறுவதும் வேதியியலறியாதார்க்கு மந்திரமாகத் தோன்றும்.

கணிதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆயிரம் பேர் கொண்ட ஊரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் இருப்பதாகக் கொள்க. நோயுள்ளோரில் பத்தில் ஒன்பது பேரைச் சரியாகக் காட்டும் சோதனை ஒன்று உண்டு. ஆனால் நோயற்றோரிலும் பத்தில் ஒருவரை நோயாளி என்று தவறாகக் காட்டிவிடும். ஊரார் அனைவரையும் சோதித்தால், உண்மை நோயாளிகள் 9 பேரும், நோயற்ற 990 பேரில் 99 பேரும் ஆக 108 பேருக்கு ‘நோயுண்டு’ என்று வரும். அவருள் உண்மையில் நோயுள்ளவர் பன்னிருவரில் ஒருவரே. இக்கணக்கை அறிந்த மருத்துவர் சோதனைத் தாளைக் கண்டதும் நோயாளியை அச்சுறுத்தமாட்டார், மேலும் ஆராய்வார். அறியாதவர் பதினொருவரை வீணே அழவைப்பார்.

பத்தாவது பாடம்

இனித் தமிழுக்கு வருவோம். நான்காம் படிவத்தில் மருத்துவத்தைக் கருதி அறிவியல் பயிலும் தமிழ் மாணவர் ஒருவரின் பாடங்களை எண்ணிப் பார்க்கலாம். மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி ஆகிய ஐந்தும் கட்டாயம். இவற்றுள் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சியின்றேல் சான்றிதழே இல்லை. தூய அறிவியல் பாடங்களைப் பயில்வோர்க்குப் பொது அறிவியல் பாடம் வேண்டுவதில்லை. அடுத்து இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடுதல் கணிதம் என நான்கு. ஆகமொத்தம் ஒன்பது. பத்தாவது இடம் காலியாகவே இருக்கிறது. அவ்விடத்தில் தமிழ்மொழி இயல்பாக வந்து அமர்கிறது. தமிழ் இலக்கியத்தையும் எடுத்தால் பதினொன்று.

2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்துக்குள் அடக்கும் முடிவை அரசு அறிவித்தபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் தள்ளுண்டு போகுமோ என்னும் கவலை நாடெங்கும் எழுந்தது. ஆசிரியரும் பெற்றோரும் இயக்கங்களும் குரல் கொடுத்தனர். அதன் பயனாக அவ்வாண்டின் இறுதியில் ‘பத்துடன் இரண்டு’ என்னும் ஏற்பாடு பிறந்தது. பன்னிரண்டு பாடங்கள் வரை எழுதலாம் என்றாயிற்று. எனவே ‘அறிவியல் எடுத்தால் தமிழுக்கு இடமில்லை’ என்று சொல்வது கணக்கறியாதார் கூற்றே ஆகும்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இக்கணக்கை இன்னும் வலுப்படுத்திற்று. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ‘ஏ’ பெறும் மாணவர்க்கு, இனவேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் தரப்படும் என்று 2024 ஜூனில் பிரதமர் அறிவித்தார். ஒன்பது பாடம் மட்டும் எழுதியவர் ஒன்பதிலும் முதன்மை பெற்றாலும் பத்து ‘ஏ’ பெறுதல் எங்ஙனம்? தமிழை விட்டவர் அந்தப் பத்தாவது படியையும் உடன் விட்டவராகிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது சிற்றூர்க்கே உரியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசிய இடைநிலைப் பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பிக்க வழி செய்யப்பட வேண்டும். பெருநகரப் பள்ளியில் ஒரு மாணவர் தமிழை விட்டால் வகுப்பில் ஓர் இருக்கை காலியாகும், அவ்வளவே. மெர்சிங் போன்ற ஊரில் எண்ணிக்கையே பதினைந்தைச் சுற்றி ஊசலாடக்கூடும். நன்கு படிக்கும் பிள்ளை ‘மருத்துவம் படிக்கப் போகிறேன், தமிழ் வேண்டா’ என்று விலகினால், அவரைப் பார்த்து இருவர் விலகுவர், வகுப்பே ஆட்டங்காணும். ஒருவர் விலகுவதால் அவருக்குப் பின் வரும் தம்பி தங்கையரும் தமிழின்றி நிற்க நேரும்.

இதனால் மாணவரின் நலனைத் தமிழுக்காகப் பலியிடச் சொல்வதாகக் கொள்ளலாகாது. மூன்று அறிவியல் பாடங்களிலும் தடுமாறும் பிள்ளைமீது பதினொன்றாவது பாடத்தை ஏற்றுவது அன்பாகாது. தமிழ் இலக்கியம் ஒரு நூலைத் துய்த்துப் பயில நேரமும் ஆர்வமும் உள்ளவர்க்கு உரியது. ஆனால் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று வந்த பிள்ளைக்குத் தமிழ்மொழிப் பாடம் புதிய சுமையன்று. முன்னரே ஈட்டிய செல்வம். அதனை விட்டெறிந்து பெறும் நேரம் வாரத்தில் சில மணியே.

மருத்துவருக்குத் தமிழ் எதற்கு?

இவ்வினாவுக்கு வரலாற்றில் ஒரு விடை கிடக்கிறது. சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்று தேறியவர்கள் அரசாங்க வேலையை நாடி வெளியூர் சென்றுவிட, சிற்றூர் மக்கள் முன்போலவே மருத்துவரின்றி நின்றனர். இதனைக் கண்ட கிரீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கலானார். அதற்கென நூல்களைத் தமிழாக்கினார். வேதியியலைப் பற்றிய ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. மொழியை மாற்றியதன் நோக்கம் புலமையைக் காட்டுவதன்று. மருத்துவரை மக்களிடமே நிறுத்துவதுதான்.

இன்று மருத்துவக் கல்லூரியில் தமிழில் பயில வேண்டுவதில்லை. ஆயினும் நோயாளி தமிழில்தான் பேசுகிறார். ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பதும் ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பதும் ஒன்றல்ல. முன்னது வயிற்றுப் புளிப்பைக் குறிக்கலாம், பின்னது இதயத்தின் அபாயக் குரலாக இருக்கலாம். ‘தலை சுற்றுகிறது’, ‘மயக்கம் வருகிறது’, ‘கண்ணை இருட்டுகிறது’ என மூதாட்டி ஒருவர் மூன்று வகையாகச் சொல்வதை ஒரே சொல்லாக மாற்றிக் குறித்துக்கொள்ளும் மருத்துவர், நோயின் பாதித் தடத்தைத் தொலைத்துவிடுகிறார். தோட்டத்தில் உழைத்து முதிர்ந்த ஒருவர் ‘மேலுக்கு முடியவில்லை, உடம்பு கணகணவென்று இருக்கிறது’ என்றால், அதன் பொருளை உணர்பவர் தமிழறிந்தவரே.

திருவள்ளுவர் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயாளியும் மருத்துவனும் மருந்தும் உடனிருந்து உதவுபவனுமே அந்நான்கு. அவருள் நோயாளியை முதலில் வைத்ததை ஆசிரியர் வகுப்பில் எடுத்துக்காட்டலாம். நோயாளியின் பேச்சைப் புரிந்துகொள்ளாமல் அம்முதற் கூறு நிறைவு பெறாது.

ஐந்தாம் படிவத்துக்குப் பின்

எஸ்.பி.எம். முடிந்தபின் வழி மூன்றாகப் பிரிகிறது. முதலாவது ஆறாம் படிவம். ஒன்றரை ஆண்டுகளில் மூன்று தவணைகளாக அமைந்த எஸ்.டி.பி.எம். தேர்வு இதன் முடிவு. மருத்துவத்தைக் கருதுவோர் உயிரியலையும் வேதியியலையும் விடாமல், இயற்பியல் அல்லது கணிதத்தையும் சேர்த்துப் பயிலுதல் வேண்டும். செலவு குறைவு, உழைப்பு மிகுதி. இரண்டாவது மெட்ரிகுலேஷன். பெரும்பாலோர்க்கு ஓராண்டுப் படிப்பு. இங்கு பூமிபுத்திராக்களுக்குத் தொண்ணூறு விழுக்காடும் ஏனையோர்க்குப் பத்து விழுக்காடுமாக இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்தன. 2012இல் இந்திய மாணவர்க்கெனத் தனியாக 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டமை சமுதாயம் மறவாத நிகழ்ச்சி. மூன்றாவது, பல்கலைக் கழகங்களின் அடிப்படைப் படிப்பு. தனியார் கல்லூரியாயின் மருத்துவப் பட்டம் முடிவதற்குள் பல இலட்சம் ரிங்கிட் செலவாகும்.

அரசாங்கப் பல்கலைக் கழகச் சேர்க்கையில் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி தேர்வு முடிவுக்கும், பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கும் உரியன. கழகம், விளையாட்டு, சீருடை இயக்கம் ஆகியவற்றை வீண்பொழுது என்று ஒதுக்கும் பெற்றோர் இப்பத்தை எண்ணிப் பார்த்தல் நன்று. மெர்சிங் பள்ளியில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிகரான செம்பிறைக் கழகத்தில் சேர்ந்து முதலுதவி பழகும் பிள்ளை, புள்ளியை மட்டுமின்றித் தனக்கு இத்தொழில் ஒத்துவருமா என்னும் தெளிவையும் பெறும்.

வெளிநாடு செல்ல எண்ணுவோர்க்கும் மருத்துவ மன்றத்தின் குறைந்த அளவுத் தகுதியை மறந்து செல்லுதல் தகாது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ் ஏற்பளிக்கப்பெற்ற பட்டமா என்பதையும் முன்னரே தெரிந்துகொள்ளுதல் வேண்டும். தமிழ்நாட்டிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. அங்கும் பதினோராம் வகுப்பில் உயிரியல் உள்ள பிரிவைத் தெரிவு செய்தவர்க்கே வழி நேராக அமைகிறது. 2017 முதல் நீட் தேர்வும் குறுக்கே நிற்கிறது.

ஆசிரியர் செய்யத்தக்கவை

சிறிய பள்ளியில் எல்லாத் தொகுப்பும் கிடைப்பதில்லை. ஆசிரியரின் எண்ணிக்கையையும் ஆய்வுக்கூட வசதியையும் பொறுத்தே பள்ளி தொகுப்புகளை வகுக்கிறது. எனவே மூன்றாம் படிவத்தின் நடுவிலேயே எந்தெந்தத் தொகுப்பு உண்டு என்று கேட்டறிதல் வேண்டும். உயிரியல் இல்லையேல் பள்ளித் தலைவரை அணுகுவதோ அண்டைப் பள்ளிக்கு மாறுவதோ அப்போதுதான் இயலும்; தாள் வந்தபின் இயலாது. பள்ளியில் தமிழ் வகுப்பு அமையாவிடில், வெளியே பயின்று தேர்வுக்குப் பதிந்துகொள்ளும் மாணவர் நாட்டில் பலர் உளர். அவ்வழியைப் பெற்றோர்க்கு எடுத்துரைப்பதும் ஆசிரியர் கடமை.

உண்மையை மறைக்காமல் உரைப்பதும் கடமையே. மருத்துவப் பட்டம் பெற்றவர் எல்லார்க்கும் நிரந்தரப் பணி உறுதி என்னும் காலம் கழிந்தது. 2016இன் இறுதியில் ஒப்பந்த நியமன முறை வந்தது. 2021 ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் பணியிடத்தை விட்டு வெளிவந்து தம் குறையை எடுத்துக் காட்டினர். புகழையும் பொருளையும் மட்டும் கருதிச் சேர்பவர் இடைவழியில் சோர்வர். மேலும், உயிரியலும் வேதியியலும் பயின்றவர்க்கு மருந்தியல், பல் மருத்துவம், தாதிமை, இயன்முறை மருத்துவம், ஆய்வுக்கூடத் தொழில் எனப் பல வாயில்கள் திறந்தே உள்ளன. மருத்துவ இடம் கிட்டவில்லையெனில் பாடத் தேர்வு வீணாயிற்று என்று வருந்த வேண்டுவதில்லை.

எனவே அத்தாளை நிரப்பும் பிள்ளைக்குச் சொல்லத்தக்கது சுருக்கமானதே. உயிரியல், வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் என்னும் நான்கையும் விடலாகாது. பத்தாவது இடத்தில் தமிழை எழுதுதல் நன்று. பின்னொரு நாள் அப்பிள்ளை மருத்துவராகி இதே கடற்கரைச் சிற்றூர்க்குத் திரும்பலாம். அன்று, இரவில் மூச்சுத் திணறி வரும் முதியவர் ஒருவர் தம் நோயைத் தம் மொழியில் சொல்வார். அதனைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒருவர் அங்கு இருப்பார்.